கடைசியாக எடுத்ததுதான் ஓடும்

ஊரில் அவளுக்குப் பெயர் ஏழுமணி. அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இல்லாமல் இல்லை. அது சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது. மற்றபடி பஸ்ஸில் ஏறினாலும் சரி, மீன் கடையில் நின்றாலும் சரி, "ஏழுமணி வந்திருக்காங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றுதான் ஜனம் வழிவிடும். உள்ளூர் டிவியில் தினமும் ஏழு மணிச் செய்தி வாசிக்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவள் மகளைப் பள்ளிக்கூடத்தில் 'ஏழேகால்' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெண் முதலில் அழுதது, பிறகு அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டது.

ஏழுமணி செய்தி வாசிக்க வந்தவள் இல்லை. விளம்பரம் கொடுக்கிறவர்களின் ஃபோனை எடுக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். அப்போது அந்த டிவி ஒரு மரச்சாமான் கடையின் மாடியில் இருந்தது. கீழே கட்டில் இழைக்கும் சத்தம், மேலே நிகழ்ச்சி. முதலாளி தானே கம்பத்தில் ஏறி வயர் இழுத்தவர். ஒருநாள் கம்பத்திலிருந்து இறங்கிய கையோடு, "ஃபோன்ல நீ பேசினா யாரும் திரும்பக் கேக்கறதில்ல. காணாமப் போனவங்க அறிவிப்பை இன்னிக்கு நீயே வாசி" என்றார். காணாமல் போனவர்களில் தொடங்கி, இறந்தவர்களுக்குப் போய், காய்கறி விலைக்கு வந்து, கடைசியில் செய்தி நாற்காலிக்கு வந்து சேர்ந்தாள். பெரிய நகரத்துச் சேனல் ஒன்று இரண்டு முறை கூப்பிட்டது, போகவில்லை. ஊர்ப் பாசம் என்று ஊரார் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். உண்மை என்னவென்றால் அவளுக்குப் பயம். இந்த நாற்காலியில் அவள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஊருக்கே தெரிந்த அந்த முகத்துக்குத்தான் வந்தது வினை.

ஒரு காலையில் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தால், தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து கழுத்தெல்லாம் நனைகிறது. கண்ணாடியைப் பார்த்தாள். முகத்தின் இடது பாதி இன்னும் தூக்கத்திலேயே இருந்தது. வலது பாதி மட்டும் எழுந்து பதறிக்கொண்டிருந்தது. கணவர் அவளை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

டாக்டர் கண்ணை மூடச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார், புருவத்தைத் தூக்கச் சொன்னார். எல்லாமே பாதிதான் நடந்தது.

"பக்கவாதம் இல்லம்மா, பயப்படாதீங்க. முகத்துக்குப் போற நரம்பு வீங்கியிருக்கு. முக்கால்வாசிப் பேருக்கு ரெண்டு மூணு மாசத்துல சரியாயிடும்."

"மிச்சப் பேருக்கு?"

"கொஞ்சம் தங்கிடும்."

"கொஞ்சம்னா எவ்வளவு டாக்டர்?"

டாக்டர் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்துவிட்டார். அவள் பிழைப்பே எதையும் தெளிவாகச் சொல்வது. அந்தக் 'கொஞ்சம்' அவளுக்குத் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடுவீர்கள். பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார், சம்பளம் நிற்காது என்றார். போகும்போது வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், "நல்லா ஓய்வு எடு. ரெண்டு மாசம் போகட்டும், ஒரு டெஸ்ட் எடுத்துப் பாப்போம். சரியா வரலேன்னா மனசுல ஒண்ணும் வச்சுக்காதே, உள்ளே செய்தி எழுதற டெஸ்க்ல உனக்குன்னு ஒரு மேசை எப்பவும் இருக்கு" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த மேசை என்கிற வார்த்தையிலேயே அவள் நின்றுவிட்டாள். மேசை என்றால் கேமராவுக்குப் பின்பக்கம். அத்தனை வருஷம் உட்கார்ந்த நாற்காலியை வேறு யாருக்கோ துடைத்து வைக்கும் பக்கம்.

அன்றிலிருந்து வீட்டில் முகப்பயிற்சி. காலையில் கண்ணாடி முன்னால் உதட்டைக் குவிக்க வேண்டும், கன்னத்தை ஊத வேண்டும், பலூனை ஊத வேண்டும். கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். பக்கத்தில் நின்று தானும் சேர்ந்து முகத்தைக் கோணியபடி, "மெதுவா, மெதுவா. இப்ப லெஃப்ட்டு. லெஃப்ட்டு வரலையா? பரவாயில்ல, பதட்டப்படாதே, திரும்ப முதல்லருந்து" என்பார். மகள் வாசல் நிலையில் சாய்ந்து நின்று இருவரையும் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு சரியாயிடும். அப்பாவுக்குத்தான் இப்படியே நின்னுடும்போல" என்று சொல்லிவிட்டுப் போகும்.

சிரித்தாள். சிரித்தால் வலது உதடு மட்டும் காதைப் பார்த்துப் போகும். அதைக் கண்ணாடியில் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

வெளியே போகும்போது கைக்குட்டையை வாயருகே பிடித்துக்கொள்ளப் பழகினாள். "சளியா?" என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்று தலையாட்டினாள். ஏழு மணியானால் எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் வேறொரு குரல் கேட்டது. அவள் இடத்தில் தற்காலிகமாக உட்கார்ந்தவர் வானிலை வாசிக்கிறவர். தங்கமான மனிதர், ஒரே ஒரு குறை: கொலைச் செய்தியையும் நாளைக்கு நல்ல வெயில் அடிக்கப் போவது போலச் சிரித்துக்கொண்டே வாசித்தார். அவளுக்கு ஃபோன் செய்து, "அக்கா, சீக்கிரம் வந்துடுங்க. எனக்கு மேகம் மட்டும் போதும்" என்று புலம்பினார். முதலாளியோ வெளியூரிலிருந்து புது முகம் தேடுகிறார் என்று காற்றுவாக்கில் செய்தி வந்தது.

இரண்டு மாதத்தில் கண்ணை ஏறக்குறைய மூட முடிந்தது. கன்னம் கொஞ்சம் உயிர் பெற்றது. உதடு ஒட்டாமல் குழறிய 'பாலம்' இப்போது பாலமாகவே கேட்டது. வாய் மட்டும் நேராகவில்லை. பேசப் பேச இடது ஓரம் தளர்ந்து இறங்கியது, இடது கண்ணில் தண்ணீர் கட்டியது. டாக்டர் சொன்ன 'கொஞ்சம்' இதுதான் என்று அவளுக்கே விளங்கிவிட்டது.

அப்போதுதான் செய்திப் பிரிவு டைரக்டர் ஃபோன் செய்தார். "நாளைக்கு வந்துடுங்க. ஸ்டூடியோ ஏசி கெட்டுப்போச்சு, மெக்கானிக் சாயங்காலம்தான் வர்றானாம், வேலை முடிய ராத்திரி ஆயிடுமாம். அதனால ஏழு மணிச் செய்திய நாலு மணிக்கே பதிவு பண்ணி வச்சுடறோம். அது முடிஞ்சதும் அதே செட்ல, அதே செய்திய வச்சு உங்க டெஸ்ட்டையும் எடுத்துடலாம். முதலாளி மறுநாள் பாத்து முடிவு சொல்றாராம்."

அந்த டிவியில் டெஸ்ட் என்றால் எப்போதும் அன்றைய உண்மைச் செய்திதான். பழைய தாளைக் கொடுத்தால் குரலும் பழசாகிவிடும் என்பது டைரக்டரின் கட்சி. இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. முன்கூட்டியே பதிவு செய்யும் நாளில் தடுமாறினால் திரும்ப எடுப்பார்கள், அதிலும் தடுமாறினால் மறுபடி எடுப்பார்கள். எது சரியானது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. கடைசியாக எடுத்ததுதான் ஓடும். கீழ்த்தளத்து ஒளிபரப்பு அறையில் இருப்பவருக்கு வேதவாக்கு அதுதான்.

மறுநாள் ஸ்டூடியோ வெந்துகொண்டிருந்தது. விளக்குச் சூட்டில் வானிலைக்காரர் வியர்த்து வழிந்து, ஒரு சாலை விபத்தை முகமெல்லாம் மலர வாசித்து முடித்துவிட்டு எழுந்து ஓடினார். ஏழுமணி உட்கார்ந்தாள். நாற்காலி அவளுக்குத் தெரிந்த மாதிரியே கிறீச்சிட்டது. காதில் டைரக்டரின் குரல் வந்தது: "எப்ப வேணா ஆரம்பிங்க. அவசரமே இல்ல."

அவசரமில்லை என்று அவர் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பாவம் பார்க்கிறார் என்று புரிந்தது. எதிரே இருந்த திரையில் தன் முகத்தைப் பார்த்தாள். வாய் கோணல் பளிச்சென்று தெரிந்தது. மேசைதான், சந்தேகமே இல்லை என்று முடிவு செய்துகொண்டாள். முடிவு செய்ததும் ஒரு விசித்திரம் நடந்தது. பயம் விட்டுப்போயிற்று. எப்படியும் முதலாளி ஒருத்தர்தான் பார்க்கப் போகிறார், அவரும் பாதியில் அணைத்துவிடுவார். இனி யாருக்கு அழகு காட்ட வேண்டும்?

வாசித்தாள். மூன்றாவது செய்தி தண்ணீர்க் குழாய் பற்றியது. "பிரதானக் குடிநீர்க் குழாய் மாற்றப்படுவதால், நாளை மறுநாள் முதல் இரண்டு நாட்களுக்குச் சில பகுதிகளில் குடிநீர் விநியோகம் இருக்காது." அவ்வளவுதான். அடுத்து மேம்பாலச் செய்திக்குப் போக வேண்டும்.

அவள் போகவில்லை. அந்தச் 'சில' அவளை நிறுத்தியது. இரண்டு மாதமாக ஒரு 'கொஞ்சம்' என்கிற வார்த்தையோடு குடித்தனம் நடத்தியவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"சில பகுதின்னா எந்தப் பகுதி?" என்று கேமராவைப் பார்த்தே கேட்டாள். "யார் எழுதினது இது? ஜனங்க தண்ணி புடிச்சு வைக்க வேணாமா? நிருபர் பக்கத்து ரூம்லதானே இருக்காரு, கேட்டுச் சொல்லுங்க. நான் இருக்கேன்."

டெஸ்ட்தானே என்று டைரக்டரும் விட்டுவிட்டார். நிருபர் தன் செல்ஃபோனில் குடிநீர் அலுவலகத்துக்காரரைப் பிடித்தார். நிருபர் சொன்னதை டைரக்டர் அவள் காதில் ஓதினார், அவள் தலையைச் சாய்த்துக் கேட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். "ஆஸ்பத்திரி சாலை முழுசும். சந்தைக்குப் பின்பக்கம் இருக்கற தெருக்கள். பழைய பஸ் நிலையத்துலருந்து தண்ணித் தொட்டி வரைக்கும், ரெண்டு பக்கமும். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் உண்டா இல்லையா? நல்லா கேளுங்க, அங்க மாடி வீடு ஜாஸ்தி. இல்லையா? சரி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க நிம்மதியா இருங்க." நடுவில் இடது கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஒரு டிஷ்யூவை எடுத்துத் துடைத்துவிட்டு, "அழுகை இல்லைங்க, கண்ணு அப்படி" என்று சொல்லிவிட்டு மேம்பாலத்துக்குப் போனாள்.

முடித்ததும் டைரக்டர், "நல்லா இருந்துச்சு" என்றார். பொய் சொல்லும்போது அவர் குரல் இறங்கும். அன்றைக்கு இறங்கவில்லை, அதை அவள் கவனிக்கவும் இல்லை. அதற்குள் ஏணியோடு வந்த மெக்கானிக், விளக்கைக் கழற்றினால்தான் ஆச்சு என்று சண்டைக்கு நின்றான். டைரக்டர் அவனோடு மல்லுக்கட்டப் போனார். போகிற போக்கில் கீழ்த்தளத்துக்கு ஒரு ஃபோன் போட்டு, கடைசிப் பதிவு டெஸ்ட், அதை விட்டுவிடு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஏழு மணிக்கு அவள் மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தாள், கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க. வழக்கம்போலக் கைக்குட்டை வாயருகே. கடைச் சுவரில் டிவி. செய்தி இசை முடிந்தது. திரையில் அவள் முகம்.

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. கோணல் வாயோடு, ஊர் பார்க்க, இவ்வளவு பெரிதாக. டைரக்டருக்கு ஃபோன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. ஓடிவிடலாம் என்று திரும்பினால் பின்னால் ஐந்தாறு பேர் மருந்துச் சீட்டோடு நிற்கிறார்கள், எல்லோருடைய கண்ணும் டிவியில்.

"ஐயோ பாவம், இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு? வாய் ஒரு பக்கமா போகுதே" என்றாள் பக்கத்தில் நின்ற ஒரு பெண்.

"இனிமே இவங்கள உள்ள உக்கார வைக்கலாம், இல்லையா?" என்றது பின்னாலிருந்து ஒரு ஆண் குரல்.

ஏழுமணி தரையைப் பார்த்தாள். அப்படியே பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. இரண்டு மாதமாக எதைக் கைக்குட்டையால் மூடினாளோ அதை ஊருக்கே திறந்து காட்டியாயிற்று. நாற்காலி போனது போனதுதான். இனி மீன் கடைக்குக்கூடப் போக முடியாது.

அப்போது டிவியில் அவள் குரல், "சில பகுதின்னா எந்தப் பகுதி?" என்று கேட்டது.

"சும்மா இருங்க, தெரு பேரு சொல்றாங்க" என்று மருந்துக்கடைக்காரர் அதட்டினார். கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்துவிட்டார். கடையே வாயை மூடிக்கொண்டு கேட்டது. ஆஸ்பத்திரி சாலை என்றதும் கடைக்காரர் ஃபோனை எடுத்தார். "நம்ம தெரு இருக்கு. நாளைக்கே எல்லாத்துலயும் ரொப்பி வை. ஆமா, ஏழுமணிதான் சொல்றாங்க." உள்ளே உட்கார வைக்கச் சொன்ன ஆண் குரல் இப்போது, "சந்தைக்குப் பின்பக்கமா? எங்க கடை அங்கதானே, இன்னொரு தரம் சொல்ல மாட்டாங்களா?" என்று பதறியது.

முதலில் இரக்கப்பட்ட பெண்தான் திரும்பிப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், மறுபடி டிவியைப் பார்த்தாள்.

"நீங்க... நீங்கதானே?"

தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. முகத்தைப் பற்றித்தான் கேட்கப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள் ஏழுமணி.

"அக்கா, புதுக் குடியிருப்பு சொல்லவே இல்லையே. எங்க நாத்தனார் அங்கதான் இருக்கா, கைக்குழந்தை வச்சிருக்கா. அங்க தண்ணி வருமா வராதா?"

"தெரியலையேம்மா" என்றாள் ஏழுமணி. "இருங்க, கேட்டுச் சொல்றேன்."

நிருபருக்கு ஃபோன் போட்டாள். நிருபர் எடுத்ததும், "அக்கா, தப்பு நடந்துபோச்சு, டெஸ்ட் ஓடிடுச்சு" என்று அலறினார். "அதெல்லாம் அப்புறம். புதுக் குடியிருப்புக்கு உண்டா இல்லையா?" என்றாள். அதற்குள் சந்தைக்காரர் தன் கடை எந்த முனையில் இருக்கிறது என்று விளக்க ஆரம்பித்தார். இன்னொருவர் பாலத்தடியைக் கேட்டார். ஒரு கையில் ஃபோன், இன்னொரு கையில் மருந்துக்கடைக்காரர் கொடுத்த பேனா. கைக்குட்டை எப்போது நழுவியது என்று அவளுக்குத் தெரியாது. "இது உங்களுதா?" என்று கடைக்காரர் எடுத்து நீட்டியபோதுதான், அத்தனை பேருக்கும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தது உறைத்தது. ஒருவரும் வேறு பக்கம் பார்க்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. கணவர் ஃபோனை நீட்டினார். முதலாளி.

"யாரைக் கேட்டு உன் டெஸ்ட்டை ஓட்டினாங்க?" என்று ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியாதுங்க."

"அந்த டைரக்டரை நான் பாத்துக்கறேன். ஃபோன் எடுத்து எடுத்து எனக்கு காது வலிக்குது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "பொய் சொல்ல மாட்டேன். பாதிப் பேர் உன் முகத்தைப் பத்திக் கேட்டாங்க. ஒருத்தன் கிண்டல் பண்ணான், நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான் என்கிட்ட. மத்தவங்க என்ன ஆச்சுன்னு கேட்டுட்டு, அடுத்த மூச்சுல எங்க தெரு உண்டான்னு கேக்கறாங்க. குடிநீர் ஆபீஸ்காரனே கூப்பிட்டு, ரெண்டு தெரு விட்டுப்போச்சுன்னு சொல்றான். இத்தனை வருஷத்துல அவன் தானா கூப்பிட்டது இதுதான் முதல் தடவை."

அந்த இரண்டு தெருவையும் எழுதிக்கொள்ள அவள் பேனாவைத் தேடினாள்.

"நாளைக்கு ஏழு மணிக்கு நீயே உக்காரு. ஏசி ரெடி, நேரலைதான். ஒண்ணு மட்டும். கேமராவைக் கொஞ்சம் வலது பக்கமா தள்ளி வச்சுக்கலாம். நல்ல பக்கம் மட்டும் தெரியற மாதிரி."

இரண்டு மாதமாக இந்த வார்த்தைக்குத்தான் தவம் கிடந்தாள். சரி என்று சொன்னால் காரியம் முடிந்தது. கணவர் புருவத்தை உயர்த்தி, சொல்லேன் என்று சைகை காட்டினார்.

"வேணாங்க" என்றாள். "ஒரு பக்கமா திரும்பி உக்காந்துக்கிட்டு நான் யார்கிட்ட பேசறது? நேராவே வைங்க. இல்லேன்னா அந்த மேசையவே குடுத்துடுங்க, நான் சண்டை போட மாட்டேன்."

கம்பத்தில் ஏறிய காலத்திலிருந்தே முதலாளிக்கு யோசிக்கும்போது தொண்டையைச் செருமும் பழக்கம். இரண்டு முறை செருமினார்.

"புகார் வந்தா நீயேதான் ஃபோன் எடுக்கணும்."

"எடுக்கறேங்க. அந்த வேலைக்குத்தானே முதல்ல சேந்தேன்."

மறுநாள் ஸ்டூடியோ குளிர்ந்து கிடந்தது. வானிலைக்காரர் நாற்காலியைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்து, "உக்காருங்க அக்கா, என்னைக் காப்பாத்துங்க" என்றார். கேமரா நேராக இருந்தது. எதிரே ஓடும் எழுத்துத் திரையில் ஆசிரியர் குழு அவளுக்காக முதல் வரி ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தது: 'உடல்நலக் குறைவு காரணமாகச் சில காலம் ஓய்வில் இருந்த நான்' என்று அது ஆரம்பித்தது. மறுபடியும் ஒரு 'சில'. அதைப் பார்த்ததும் அவள் வலது உதடு சிரித்தது, இடது உதடு அதன் இஷ்டப்படி இருந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது. எழுத்துத் திரையை விட்டுவிட்டுக் கேமராவை நேராகப் பார்த்தாள்.

"வணக்கம். என் முகத்துல இடது பக்கம் நரம்பு தளர்ந்துபோச்சு. வலி இல்லை. முழுசா சரியாகலாம், இப்படியே இருந்தாலும் இருக்கலாம். விசாரிச்சவங்க எல்லாருக்கும் நன்றி. நாளைக்குக் காலையிலருந்து தண்ணி நிக்குது. நேத்து நான் சொல்லாம விட்ட தெருக்கள் இருக்கு, புதுக் குடியிருப்பும் அதுல ஒண்ணு. எழுதிக்குங்க, மெதுவாவே சொல்றேன்."